ஏழு சாக்குக் காலி பாட்டில்களை யார் எடுத்துச் செல்வார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீரவநல்லூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உரக்கடை நடத்துகிறேன். கடையின் பின்கட்டில், முன்பு யூரியா மூட்டை அடுக்கிய இடத்தில், இப்போது ஏழு சாக்குகள் நிற்கின்றன. ஏழிலும் பூச்சிமருந்துக் காலி பாட்டில்கள்.

சென்ற பிசான நெல் பருவத்தில் நடவு முடிந்து ஒரு மாதம் இருக்கும். கன்னடியன் கால்வாயிலிருந்து எங்கள் வயலுக்குப் பிரியும் மடையில் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கப் போனேன். அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, அடைத்திருந்தது. இழுத்துக் கரையில் போட்டபோது செடியோடு பதினொரு பாட்டில்களும் வந்தன. ஒன்றுக்கு மூடி இல்லை. அடியில் பால் போல வெளுத்த மருந்து கொஞ்சம் நின்றது. லேபிளில் கடும் விஷம் என்பதைக் காட்டும் மஞ்சள் முக்கோணம். அதற்குப் பக்கத்தில் நீல மையில் 'டேங்குக்கு 2 மூடி' என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து. வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அளவை நானே எழுதிக் கொடுப்பது வழக்கம்.

அந்த மடைக்குக் கீழே போனால் பத்தமடை. பாய்க்குக் கோரையை ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, கையால் அள்ளி எடுக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வயல் வடிகாலெல்லாம் கடைசியில் தாமிரபரணியில்தான் சேர்கிறது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது அந்த ஆற்றைத்தான். மருந்தை விற்றவன் நான். பாட்டில் எங்கே போகிறது என்று அதுவரை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மறுநாளே கடை வாசலில் பலகை வைத்தேன். மூன்று முறை கழுவிய காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் ஐந்து ரூபாய். பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிக்கிற டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஆணியால் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் அதே பாட்டில் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போய்விடும். முதல் வாரம் இருவர்தான் வந்தார்கள். அறுவடைக்குள் ஊரில் பாதிச் சம்சாரிகள் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர், "அண்ணாச்சி, இரண்டாவது தடவை அலசும்போதும் தண்ணீர் வெள்ளையாகத்தான் வருகிறது. இத்தனை வருடம் இதையா வாய்க்காலில் கழுவினோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஊரில் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. யூரியா விஷயத்திலும் ஒன்று செய்கிறோம்: நெல்லுக்கு மேலுரம் கேட்டு வருகிறவரிடம் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைக் கொடுத்து, பத்து இலைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம். ஆறு இலையாவது வெளுத்திருந்தால்தான் மூட்டை. வயலில் மிஞ்சி வடிகிற யூரியாவும் ஊர்ச் சாக்கடையும்தானே அமலைச்செடியை அப்படி வளர்க்கின்றன! விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது.

தாங்க முடியாதது இந்தச் சாக்குகள்தான். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், காலிக் கலன்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கின்றன. முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறவர், நான்கு பக்கமும் வாய்க்கால் ஓடும்போது, எங்கே புதைப்பார்? பழைய பிளாஸ்டிக் வியாபாரி கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாளைக்கு அது குடமாகவோ பொம்மையாகவோ திரும்பி வரக்கூடும் என்று பயந்து மறுத்துவிட்டேன். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்கின்றன. ஆனால் எங்கள் தெருவுக்கு இன்றுவரை ஒரு வண்டியும் வரவில்லை. மூன்று நிறுவனங்களின் பிரதிநிதிகளிடம் கேட்டேன். மேலிடத்தில் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த முறை புதிய மருந்தின் விளம்பரத் தாளோடு வந்தார்கள்.

கனடாவில் மருந்து நிறுவனங்கள் தங்கள் செலவிலேயே 1989 முதல் காலிக் கலன்களைத் திரும்பப் பெறுகின்றன. ஜெர்மனியில் 1996 முதல் அப்படி நடக்கிறது. விவசாயி கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டணம் கிடையாது. அங்கே விற்கிற பன்னாட்டு நிறுவனங்களில் சில இங்கேயும் விற்கின்றன. அங்கே தாமாக முன்வந்தவர்களுக்கு இங்கே மட்டும் ஏன் கை வரவில்லை?

பணமில்லை என்று நிறுவனங்கள் சொன்னால் என்னைப் போன்ற கடைக்காரர்கள் நம்ப மாட்டோம். விற்பனை இலக்கை எட்டிய கடைக்காரர்களை ஆண்டுதோறும் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். ஒரு கடைக்காரருக்கு ஆகிற அந்தச் செலவில், அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை உள்ள உரக்கடைகளுக்கு லாரி வைத்துப் பருவத்துக்கு ஒருமுறை காலி பாட்டில்களை அள்ளிவிடலாம். எனக்கு இனிச் சுற்றுலா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற கடைக்காரர்களும் அப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்தால் மருந்து வியாபாரம் மறுபடி தொடங்கிவிடும். பின்கட்டில் எட்டாவது சாக்குக்கு இடமில்லை. அதற்குள் ஏதாவது ஒரு நிறுவனம் வண்டி அனுப்பினால் போதும். ஏற்றிவிடுகிற ஆள்கூலியை நான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உரக்கடைக்காரர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.