மாற்றத்தைத் தொடங்கும் முன் நாம் பேசி முடிக்க வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கம்பெனிகளின் வேலைமுறையை மாற்றி அமைக்க உதவும் ஆலோசகர்கள் நாங்கள். பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு, வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கம் தொழில் நடத்தும் உங்களில் பலர், "கம்பெனியை மாற்றி அமைக்கணும், எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து கேரள எல்லையிலுள்ள வாளையார் வரிச் சோதனைச் சாவடியின் வேலை நின்றபோது, அதை நம்பி நடந்த அலுவலகங்கள் ஒரே நாளில் மாற வேண்டியிருந்தது. அது வெளியிலிருந்து வந்த மாற்றம். நீங்கள் இப்போது கேட்பது திட்டமிட்டுச் செய்யும் மாற்றம். அதற்கு அவகாசம் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் உடனே தேதி குறிப்பதில்லை.

முதல் சந்திப்பில் வழக்கமாகக் கேட்பது, "சூப்பர்வைசர்கள் பொறுப்பெடுப்பதில்லை, பயிற்சி கொடுங்கள்" என்பது. சரி, கொடுக்கலாம். ஆனால் மெஷினுக்கு ஒரு பெல்ட் வாங்கவே முதலாளியின் கையெழுத்துக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள் என்றால், பயிற்சியால் என்ன ஆகும்? எனவே முதலில் சிலரோடு தனித்தனியாகப் பேசிவிட்டு, சிக்கல் எங்கே என்று சொல்கிறோம். இந்தக் கட்டத்துக்குத் தனிக் கட்டணம். அது முடிந்ததும் நீங்களும் விலகலாம், நாங்களும் விலகலாம்.

அடுத்து, எங்களை அழைப்பது யார் என்பது. குடும்பக் கம்பெனிகளில் அண்ணன் கூப்பிடுவார். உற்பத்தி முழுக்கத் தம்பி கையில் இருக்கும். தம்பியும் பேச்சுக்கு வந்து உட்காராமல் நாங்கள் தொடங்க மாட்டோம். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

தொழிலாளர்களையும் ஏன் சேர்க்கச் சொல்கிறோம்? அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலைமுறையை மாற்றியபோது நடந்ததை லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் 1948-இல் எழுதினார்கள். ஒரு குழுவிடம் காரணத்தை விளக்கி, முடிவை மட்டும் சொன்னார்கள். முதல் 40 நாட்களில் அதில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லோரும் சேர்ந்து புதிய முறையை வகுத்த குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூடப் போகவில்லை. நன்றாக விளக்கிவிட்டால் போதும் என்று நினைக்கும் முதலாளிகளிடம் இதை நாங்கள் மறக்காமல் சொல்கிறோம்.

அப்புறம் ஒப்பந்தம். என்ன மாற வேண்டும், உங்கள் ஆட்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு ஒதுக்குவார்கள், கட்டணம் எவ்வளவு, எங்கள் வேலை எப்போது முடியும், எல்லாம் அதில் இருக்கும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறோம். இந்தி பேசும் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்கு வாசித்தும் சொல்வோம். அதில் முக்கியமான நிபந்தனை, ரகசியம் காப்பது பற்றியது. ஒருவர் எங்களிடம் சொன்னதைப் பெயரோடு முதலாளியிடம் சொல்ல மாட்டோம். "யார் சொன்னது, எனக்கு மட்டும் சொல்லுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு பெயர் வெளியே வந்தால் மறுநாள் முதல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்; பிறகு நாங்கள் அங்கே இருந்தும் பயனில்லை.

ஆட்குறைப்பை முன்பே முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒரு அறிக்கை மட்டும் வேண்டும் என்றால் எங்களால் ஏற்க முடியாது. ஆட்குறைப்பு நடக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் சந்திப்புக்குக் கணக்குப் புத்தகம் எதுவும் வேண்டாம். கம்பெனியில் முடிவெடுக்கும் எல்லோரும் வந்தால் போதும். போனை அணைத்துவிட்டு அரை நாள் ஒதுக்குங்கள். இடத்தை நீங்களே சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசனைக் குழு, கஞ்சிக்கோடு