பழைய கைவிலங்கு வாங்கும் முன்: முதலில் பூட்டு, கடைசியில் முத்திரை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பட்டியலில் இரண்டு டார்பி கைவிலங்குகள் (திருகுச் சாவி போட்டுத் திறக்கும் பழைய பிரிட்டிஷ் வகை) அடுத்தடுத்து இருக்கின்றன. படத்தில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். "ஏன் இப்படி?" என்று கேட்பவர்களும், "இதே சாமான் ஆல்கட்ராஸ் சிறை முத்திரையோடு இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கிறதே" என்று கேட்பவர்களும் பெருகிவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறோம்.

முதலில் அந்த ஆல்கட்ராஸ். அது அமெரிக்க மத்திய அரசின் சிறையாக இயங்கியது 1934 முதல் 1963 வரை. அதற்குள் அமெரிக்கக் காவலர்கள் டார்பியைவிடப் பல படி முன்னேறிய பியர்லெஸ் வகை விலங்குக்கு மாறியிருந்தார்கள். திருகுச் சாவி போட்ட பிரிட்டிஷ் பாணி விலங்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே அந்த எழுத்து அடித்த டார்பியை வாங்கினால் உங்கள் கையில் வருவது அலங்காரப் பொருள். 'வெல்ஸ் ஃபார்கோ' (பழைய அமெரிக்க நிறுவனம்), 'யூமா சிறை' (இன்னொரு அமெரிக்கச் சிறை) என்று அடித்து வருபவையும் இதே ரகம். இவற்றில் ஏராளமானவை அண்மைக் காலத்தில் இந்தியாவிலேயே செய்து வெளிநாட்டுச் சந்தைக்குப் போனவை. அலங்காரப் பொருளென்று சொல்லி விற்றால் தப்பில்லை. சிறை விலங்கென்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை.

இதைப் படித்துவிட்டு, இந்தியாவில் செய்த டார்பி எல்லாமே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியோடு வந்த அந்த வடிவத்தை இந்தியக் காவல்துறை சுதந்திரத்துக்குப் பிறகும் விடவில்லை. பூட்டுக்குப் பேர்போன அலிகாரில் அவை தயாராகி, நிலையங்களில் உண்மையாகவே புழங்கியிருக்கின்றன. அப்படி உழைத்த விலங்கு நல்ல சேகரிப்புப் பொருள். அதற்கு அதற்கான விலை. அதன்மேல் பின்னாளில் யாரோ 'ஹையட்' என்று அடித்துவிட்டால்தான் கெட்டுப்போகிறது.

ஹையட் என்பது இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1780இல் தொடங்கிய நிறுவனம். 2008 வரை அங்கே ஆலை நடந்தது. அவ்வளவு நீண்ட காலம் என்பதால், பெயரை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. முத்திரையோடு 'மேட் இன் இங்கிலாந்து' என்ற சொற்களும் இருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று பொருள். ஆனால் அம்புக்குறி அடிக்க ஓர் உளி போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முத்திரையை நாங்கள் கடைசியில் பார்ப்பது இதனால்தான். முதலில் பார்ப்பது பூட்டை.

டார்பியின் அமைப்பு எளிது. கீழே ஒரு குழல், மேலே கீலில் திரும்பும் வளைவு. வளைவின் நுனியில் ஒரு வெட்டு. குழலுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு தாழும். வளைவை அழுத்தி மூடினால் தாழ் அந்த வெட்டில் போய் விழும். தாழின் பின்புறம் மரை போட்ட ஒரு தண்டு. சாவி உள்ளே துளையுள்ளது, துளைக்குள் மரை. சாவியைத் தண்டின்மேல் திருகத் திருக, சாவியின் தோள் குழலில் முட்டி நிற்கும். அதற்குமேல் திருகினால் தாழ் பின்னுக்கு இழுபட்டு வளைவு விடுபடும். அளவை மாற்ற வழியில்லை. மணிக்கட்டு சிறியதென்றால் கை உருவிக்கொண்டு வந்துவிடும், பெரியதென்றால் பூட்டே விழாது. அந்தக் காலத்தில் பல அளவுகளில் செய்ததற்குக் காரணம் இதுதான். வாங்கும்போது உள்விட்டத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்ததும் சாவியை விரலால் மட்டும் திருகிப் பாருங்கள், இடுக்கி வேண்டாம். நல்ல டார்பியில் முதல் சில சுற்று லேசாக ஓடும், பிறகு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு படிப்படியாக ஏறும். தொடக்கத்திலேயே இறுகினால் மரையில் துரு, அல்லது சாவி அந்த விலங்குக்குரியதல்ல. எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மரை வழுக்கிவிட்டது. பழைய மரைகள் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும், ஒரு விலங்கின் சாவி பக்கத்து விலங்குக்குச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. இணையத்தில் தனியாக விற்கும் 'டார்பி சாவி'யை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அடுத்து, பூட்டிய விலங்கை ஒரு மரப்பலகையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். திறந்துகொண்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தாழை முன்னால் தள்ளி வைத்திருப்பது ஸ்பிரிங் ஒன்றுதான், சரியான இடத்தில் அடி விழுந்தால் தாழ் ஒரு நொடி பின்னுக்குத் துள்ளும், அந்த நொடியில் வளைவு கழன்றுவிடும். விலங்குகளிலிருந்து விடுபடும் வித்தைக்குப் பேர்போன மந்திரவாதி ஹூடினி, காற்சட்டைக்குள் முழங்காலுக்கு மேல் ஈயத்தகடு ஒன்றைக் கட்டிக்கொண்டு அதில் தட்டித் திறக்கும் வித்தையை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். (அவர் கையில் பூட்டியது என்று சொல்லி விற்கும் விலங்குகள் உலகத்தில் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எழுத்துச் சான்று இல்லாமல் அந்தப் பெயருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.)

மூன்றாவது, தேய்மானம். உண்மையில் புழங்கிய விலங்கு தேயும் இடத்தில்தான் தேயும்: சங்கிலி வளையங்கள் ஒன்றையொன்று தொடும் உட்புறம், கீலின் தறையாணி, சாவித்துளையின் விளிம்பு. பூதக்கண்ணாடி வைத்து வளையத்தின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தால் நல்லது. எல்லா இடத்திலும் ஒரே ஆரஞ்சு நிறத்தில், ஒரே கனத்தில் துரு படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீரிலோ அமிலத்திலோ ஊறவைத்த துரு. தேனிரும்பில் செய்தது என்றால் துருப்பிடித்த இடத்தில் மரத்தின் நார்போல நீளவாக்கில் கோடுகள் தெரியும். மெல்லெஃகில் அது வராது, குழி குழியாக அரிக்கும். இணைப்புகளையும் கவனியுங்கள். கொல்லுலையில் சேர்த்த வளையத்தில் இணைப்பு தடிப்பாக, மங்கலாக இருக்கும். மின்பற்றவைப்பின் மணி மணியான தழும்பு தெரிந்தால் ஒன்று புதிய சரக்கு, அல்லது பின்னாளில் ரிப்பேர் செய்தது. ரிப்பேர் என்றால் விலை குறையுமே தவிரப் பொருள் பொய்யாகிவிடாது.

இந்த மூன்றும் தேறிய பிறகு முத்திரை. பழைய முத்திரை, இரும்பு உருக்குலையும்போது கூடவே உருக்குலைந்திருக்கும், துருக்குழி எழுத்தின் மேலும் ஓடும். குழி விழுந்த பரப்பின்மேல் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், எழுத்து பிறகு வந்தது.

அமெரிக்க விலங்குகளுக்குக் கணக்கே வேறு. 1862இல் டபிள்யூ. வி. ஆடம்ஸ் பற்கள் வெட்டிய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். மணிக்கட்டுக்குத் தக்கபடி சுருங்கும் விலங்கு அதிலிருந்து தொடங்குகிறது. பிறகு ஜான் டவர் வந்தார். 1879ஆம் ஆண்டின் அவருடைய இரட்டைப் பூட்டு முக்கியமான படி: ஒற்றைப் பூட்டில் வளைவு மேலும் மேலும் இறுகிக்கொண்டே போகலாம், பல்லுக்கும் தாழுக்கும் நடுவில் மெல்லிய தகடு செருகித் திறக்கவும் செய்யலாம். இரட்டைப் பூட்டு விழுந்தால் வளைவு முன்னும் போகாது, பின்னும் வராது. டவர் விலங்கில் அடித்திருக்கும் தேதி காப்புரிமைத் தேதி, செய்த தேதி இல்லை. அதே அச்சு பல வருடம் ஓடியிருக்கும். "1879இல் செய்தது" என்று எழுதி விற்பவரிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள்.

1912 பிப்ரவரி 20 காப்புரிமையோடு ஜார்ஜ் கார்னியின் விலங்கு வந்தது. அதுவரை மூடியிருக்கும் விலங்கைக் கையில் மாட்டுவதற்கே முதலில் சாவி போட்டு வளைவைத் திறக்க வேண்டும். கார்னியின் வளைவு பூட்டுப்பெட்டியின் இரண்டு கன்னங்களுக்கு நடுவே புகுந்து முழுச் சுற்றும் சுழலும், மணிக்கட்டில் அழுத்தினால் தானே சுற்றிவந்து பூட்டும். 1914இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கிய பியர்லெஸ் நிறுவனம் இதைச் செய்தது. இன்று போலீசார் இடுப்பில் பார்க்கும் விலங்கெல்லாம் அநேகமாக இதன் வாரிசுதான். சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி: சாவி சுலபமாகக் கிடைக்கும். டவருக்கோ, பீன் என்ற இன்னொரு பழைய அமெரிக்க வகைக்கோ அப்படியில்லை. அதனால் எங்கள் முதல் விதி: சாவி கையில் இல்லாமல் எந்த விலங்கையும் மூடிப் பார்க்காதீர்கள். மணிக்கட்டில் மாட்டிப் பார்ப்பது அறவே கூடாது. நூறு வருடப் பழைய தாழ் நடுவழியில் சிக்கினால் வளைவை அறுப்பதைத் தவிர வழியிருக்காது, போவது பாதி விலை மட்டுமல்ல.

ஜெர்மனியின் சோலிங்கன் ஊரிலிருந்து வரும் கிளெயூசோ விலங்குகளைப் பலர் கேட்கிறீர்கள். வேலைப்பாடு கச்சிதம், எடை அதிகம், முத்திரை தெளிவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏமாறும் வாய்ப்பு குறைந்த ரகம் என்பது எங்கள் கருத்து.

'அடிமை விலங்கு' என்ற பெயரில் நாங்கள் எதையும் விற்பதில்லை. சாதாரண இரும்பு வளையமும் சங்கிலியும் கைதிக்குப் போட்டதா, கால்நடைக்குப் போட்டதா, மனிதரை விற்றபோது போட்டதா என்பது பொருளைப் பார்த்துச் சொல்லக்கூடியதில்லை, எங்கிருந்து யார் கைமாறி வந்தது என்ற காகிதம்தான் சொல்லும். அந்தக் காகிதம் இருந்தால் அது இருக்க வேண்டிய இடம் அருங்காட்சியகம்.

துருப்பிடித்து மூடிக்கிடக்கும் டார்பியைத் திறக்கச் சொல்லி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவித்துளை மேலே பார்க்கும்படி நிறுத்தி, மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் சரிபாதி கலந்து துளி துளியாக விட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே வையுங்கள். பிறகு சாவியைக் கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஆட்டுங்கள். இளகவில்லையென்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். இடுக்கி போட்டு முறுக்கினால் தாழின் தண்டு உள்ளே முறியும். அதற்குப் பிறகு குழலை அறுக்காமல் எதுவும் செய்ய முடியாது. சாவி தொலைந்திருந்தால் மரையை அளந்து லேத் பட்டறையில் கடையலாம். பித்தளையில் கடையச் சொல்லுங்கள், தேய்ந்தால் சாவி தேயட்டும், விலங்கின் மரை தேய வேண்டாம். புதுச் சாவியின் தலையில் சிறிதாக ஒரு புள்ளி குத்திவையுங்கள். அடுத்து வாங்குபவர் அசல் சாவி என்று ஏமாறக் கூடாதல்லவா.

சுத்தம் செய்ய உப்புத்தாள், கம்பி பிரஷ், மணல் வீச்சு மூன்றும் வேண்டாம். நான்கு சுழிய ரக எஃகுப் பஞ்சில் மெல்லிய எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மேல்துரு போய்விடும், கருமை தங்கும். அந்தக் கருமைக்குத்தான் விலை. நிக்கல் முலாம் உள்ளதில் பஞ்சுகூட வேண்டாம். மெல்லிய துணியும் எண்ணெயும் போதும். கொப்பளித்த முலாமைத் தேய்த்தால் பொருக்கு பொருக்காக உதிரும். வாளியில் சலவைச் சோடா கரைத்து பேட்டரி சார்ஜர் மாட்டித் துரு எடுக்கும் முறை கால்விலங்குச் சங்கிலிக்குச் சரி. பூட்டுள்ள எதற்கும் செய்யாதீர்கள். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய ஸ்பிரிங்குக்குள் ஏறி அதை நொறுங்க வைக்கும். கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு.

வைக்கும் இடம்: கடலோர ஊர்களில் திறந்த அலமாரி கூடாது. மூடிய பெட்டி, நிறம் மாறும் சிலிகா ஜெல், நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள். தோல் உறைக்குள் விலங்கை வைக்க வேண்டாம்; பதனிட்ட தோலின் அமிலம் இரும்பைத் தின்னும். உறை அசலானது என்றால் பக்கத்தில் தனியாக வையுங்கள். சாவியை மரையில் ஏற்றியபடி விடாதீர்கள், ஸ்பிரிங் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் தளர்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை விதிக்கிறது. ஆகவே அந்த வயதை எட்டியதை நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. "பொம்மை என்று எழுதி அனுப்புங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உள்நாட்டில் விமானத்தில் எடுத்துச் செல்பவர்கள் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள், ரசீதையும் கூட வையுங்கள்.

உங்களிடம் உள்ள விலங்கை அடையாளம் காட்டச் சொல்லி அனுப்பும் படங்கள் ஐந்து வேண்டும்: முழு உருவம் ஓர் அளவுகோலோடு, சாவித்துளை நேராக, சாவியின் நுனி, சங்கிலி வளையத்தின் உட்புறம், பக்கவாட்டு வெளிச்சத்தில் முத்திரை. எடையைக் கிராமில் எழுதுங்கள். படம் எடுக்கும் முன் துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடையினர்