ஆனி, ஆடியில் விதை பொறுக்குவோம், ஐப்பசியில் நடுவோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி மரக்கன்று நடும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை நிறைக்கின்றன. நடுபவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம் போன்ற கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில், அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு நடப்படும் கன்றுக்கு நம்பத்தக்க மழை ஐப்பசியில்தான் வரும். இடையில் நாலு மாதம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? தென்மேற்குப் பருவமழை பெறும் நீலகிரி, தென்காசி, கன்னியாகுமரி போன்ற இடங்களுக்கு ஜூன் நடவு பொருந்தும். மற்றவர்களுக்குப் பொருந்தாது.

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களுக்குரிய வேலை விதை பொறுக்குவது. வேம்பும் நாவலும் இலுப்பையும் இப்போது உதிர்கின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று முன்னோர் வயலுக்குச் சொன்னதை மரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆடியில் விதைத்தால் அடுத்த ஆண்டு ஐப்பசிக்கு இரண்டடி, மூன்றடிக் கன்று தயாராகிவிடும். இளைஞர் மன்றமோ மகளிர் குழுவோ பள்ளியோ, யார் வேண்டுமானாலும் ஊரிலேயே செய்யக்கூடிய வேலை இது. முறை தெரியாததால்தான் பல குழுக்கள் முதல் ஆண்டிலேயே சோர்ந்து விடுகின்றன. ஆகவே முறையையே எழுதுகிறோம்.

எந்த மரம் என்பதற்கு ஊர்ப் பெயர்களே பாதி விடை சொல்லும். திருநாவலூர், திருவிடைமருதூர், இலுப்பூர், புன்னைநல்லூர் என்று மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்கள் நம்மிடம் எத்தனையோ. மீதி விடை அய்யனார் கோயில் காட்டில் நிற்கும். வீரை, உலக்கைப்பாலை, மகிழம், வெப்பாலை போன்றவற்றைக் கடற்கரை மாவட்டங்களின் கோயில் காடுகளில் இன்றும் பார்க்கலாம். இவற்றில் பலவற்றை விற்பனை நாற்றுப்பண்ணைகளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மரம் பண்ணையில் கிடைக்காததற்குப் பெரும்பாலும் அதன் விதைதான் காரணம். முளைக்கத் தாமதமாகும், அல்லது சில நாளில் செத்துப்போகும். எளிதில் முளைப்பதைப் பண்ணைகள் வளர்க்கின்றன. கிடைப்பதை நாம் நடுகிறோம். வெளிநாட்டு மரங்களான குல்மொகரும் தூங்குமூஞ்சியும் நம் சாலைகளை நிறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விதையை ஒரே மரத்தடியில் மூட்டையாக அள்ளக் கூடாது. ஒரு தாய்மரத்துப் பிள்ளைகளை மட்டும் ஒரு தோப்பாக நட்டால், ஒரே நோயில் எல்லாம் அடிபடும். அடுத்த தலைமுறை விதையும் நலிந்துபோகும். நூறு மீட்டராவது தள்ளித்தள்ளி நிற்கும் பத்துப் பதினைந்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். கிடப்பதில் பாதியைப் பறவைக்கும் அணிலுக்கும் விட்டுவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் பொறுக்கக் கூடாது. ஒவ்வொரு பையிலும் மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி எழுதிய சீட்டு இருக்கட்டும். தேதி எவ்வளவு முக்கியம் என்பது அடுத்து வருவதைப் படித்தால் விளங்கும்.

விதையில் இரண்டு சாதி உண்டு. காத்திருக்கும் விதை ஒன்று, காத்திருக்காத விதை ஒன்று. வேம்பு காத்திருக்காது. மஞ்சளாகப் பழுத்து விழுந்ததை அன்றே நீரில் பிசைந்து, தோலும் சதையும் போகக் கழுவி, நிழலில் இரண்டு நாள் ஆறவைத்து, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். கட்டாந்தரையில் வெயிலில் காயவைத்து, பாலித்தீன் பையில் கட்டி மூலையில் போட்டால் போயிற்று. சந்தேகம் வந்தால் நாலு விதையை நகத்தால் உடைத்துப் பாருங்கள். பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக மாறியிருந்தால் அந்தக் குவியலை உரக்குழியில் கொட்டிவிடலாம்.

நாவலும் இலுப்பையும் இன்னும் அவசரக்காரர்கள். பழம் தின்று கொட்டையைத் துப்பிய வாரமே நாவலை மண்ணில் போட வேண்டும். ஒரு கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று முளை வருவது நாவலின் இயல்பு. திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். இலுப்பையின் பழத்தை வௌவால் தின்றுவிட்டு விதையைக் கீழே போடும். காலையில் மரத்தடிக்குப் போனால் சதை நீங்கிய விதை சுத்தமாகவே கிடைக்கும். அதைப் படுக்கவைத்து ஒரு விரல் கனத்துக்கு மண் மூடினால் இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் பாத்தியில் போட்டுப் பிடுங்கி நடுவதைவிட நேரே பையிலேயே ஊன்றுவது நல்லது.

நீரில் போட்டு மிதப்பதை எறிந்துவிடு என்று பொதுவாகச் சொல்வார்கள். நாவலுக்குச் சரி. புன்னையிடம் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கடலில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கிற மரம் அது; நல்ல விதையும் மிதக்கத்தான் செய்யும். அதன் மேலோட்டை, உள்ளே இருக்கும் பருப்பு அடிபடாமல் உடைத்தெடுத்து விதைத்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முளை காணலாம். ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம்வரை ஆகும். பலர் அதற்குள் பையைக் கொட்டிவிடுகிறார்கள்.

கொன்றை, வாகை, உசில் காத்திருக்கும் சாதி. மாசி, பங்குனியில் நெற்றை எடுத்து உலர வைத்து, மூடிய டப்பாவில் ஒரு வருடம்கூட வைக்கலாம். வாகை விதையில் ஊசித்துளை தெரிந்தால் வண்டு தின்றுவிட்டது என்று பொருள். இவற்றின் தொல்லை தோல். சரக்கொன்றை விதை கூழாங்கல்போல வழவழவென்று இருக்கும். வெறும் தண்ணீரில் ஒரு வாரம் போட்டாலும் பல விதை அப்படியே கிடக்கும். நகவெட்டியை எடுத்து, முளை இருக்கும் கூர்முனையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்து விளிம்பில் ஒரே ஒரு கடி. பழுப்புத் தோலுக்குக் கீழே வெள்ளை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். அன்றிரவு நீரில் போட்டால் காலையில் இரண்டு மடங்கு பருத்திருக்கும். ஆயிரம் விதைக்கு நகவெட்டி சிரமம் என்றால், கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து, விதையைப் போல் ஐந்து பங்கு நீரில் விதையைக் கொட்டி, அப்படியே ஆறவிட்டு ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் வைத்து வேகவைத்தால் விதை அவிந்துவிடும். பருக்காததை மட்டும் மறுபடி வெந்நீரில் போடுங்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் விதைப்பந்து வீணாகிறது. வேம்பு, நாவல், இலுப்பையைக் களிமண்ணில் உருட்டி, வெயிலில் காயவைத்து, விழா நாள் வரும்வரை சாக்கில் வைத்திருந்தால் பந்துக்குள் இருப்பது செத்த விதை. கடினத் தோல் விதைகளோ தோல் உடையாமல் கிடக்கும். முளைத்த ஒன்றிரண்டும் ஆட்டுக்கும் புல்லுக்கும் நடுவே கோடையைத் தாண்டுவது அரிது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளில் பத்தாயிரம் பந்து உருட்டும் உழைப்பில் இருநூறு பைக்கு மண் நிரப்பினால், கண்ணெதிரே வளர்வதை அவர்கள் பார்ப்பார்கள். விதையாகவே நேரடியாக ஊன்ற ஏற்றது பனை. பனைக்கொட்டையின் முளை இரண்டு, மூன்றடி ஆழத்துக்கு இறங்கித்தான் கிழங்கு வைக்கும். பையில் வளர்த்தால் பெயர்க்கும்போது செத்துவிடும். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தை எடுத்து, பத்தடிக்கு ஒன்றாக, நிற்க வேண்டிய இடத்திலேயே அரையடி ஆழத்தில் புதைத்துவிடலாம்.

பைக்கு வருவோம். ஓராண்டு வளர்க்க 6-க்கு 9 அங்குலப் பை வேண்டும். சிறிய பையில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் வேர் அடியில் சுருண்டு வட்டமடிக்கும். அந்தச் சுருள் மண்ணில் நட்ட பிறகும் நிமிராது. மரம் தடிக்கத் தடிக்க வேர் தன்னையே நெரிக்கும். பெரிய காற்று வந்தால் அப்படியே சாயும். பையின் பக்கத்தில் மட்டும் துளை இருந்தால் அடியில் இரண்டு துளை கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. சாணம் மக்காமல் இருந்தால் கறையானை விருந்துக்கு அழைத்ததுபோல். எம்-சாண்ட் போடுவதானால் தூசு போக அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கலவை சிமெண்டாக இறுகும். ஒரு பை ஏறக்குறைய இரண்டு கிலோ, ஆயிரம் பைக்கு இரண்டு டன் மண். மண் நிரப்பிய பையைத் தரையில் மூன்று முறை தட்டி, மேலே அரை அங்குலம் நீர் நிற்க இடம் விட வேண்டும். பைகளை அடுக்கும் பாத்தி நாலடி அகலம். இரு பக்கமிருந்தும் கை நடுவில் எட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. நீளம் இடத்துக்கு ஏற்றபடி.

விதையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுக்கே மேலே மண். ஆயிரம் பைக்கு நாளொன்றுக்குப் பத்துக் குடம் போதும், பூவாளியால். குழாயை நேரே பிடித்தால் விதை மேலே வந்துவிடும். நாற்று தண்டுப்பகுதியில், மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து கொத்துக்கொத்தாய்ச் சாய்ந்தால் அது அழுகல். காரணம் கூடுதல் நீரும் நெருக்கமும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சாய்ந்ததை எடுத்து எறிந்து, இரண்டு நாள் நீரை நிறுத்தி, வெயிலும் காற்றும் படவிடுங்கள். புங்கன் இலையில் கொப்பளம் கொப்பளமாக வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம்; அது சிலந்திப்பேன் செய்வது, கன்று அதனால் சாகாது, மருந்து தேவையில்லை.

ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பையையும் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். அலுப்பூட்டும் இந்த வேலையைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும். நடவு நாளில் இழுத்தால் வேர் அறுந்து, பச்சைப்பசேலென்று இருந்த கன்று மூன்றாம் நாள் கருகும். நடவுக்கு ஒரு மாதம் முன்பே நிழல்வலையை எடுத்து, தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்க வேண்டும். நிழலில் சொகுசாக வளர்ந்தது வயல்வெளி வெயிலைத் தாங்காது.

ஆல், அரசு, அத்திக்கு விதை கடுகிலும் சிறியது. பழுத்த பழத்தை நீரில் கரைத்து வடிகட்டி, உடைத்த செங்கல்தூளின் மேல் தூவி, கைத்தெளிப்பானால் நனைத்து, எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் பொறுமை வேண்டும். போத்து, அதாவது வெட்டிய கிளையை, நடுவது சுலபம்தான்; ஆனால் போத்துக்கு ஆணிவேர் கிடையாது. புயல் பாதையில் இருக்கும் மாவட்டங்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

குழியை ஆவணியிலேயே இரண்டடிக்கு இரண்டடி எடுத்து ஆறவிட்டு, முதல் நல்ல மழை இறங்கி மண் முழங்கை ஆழம் நனைந்ததும் நடலாம். பையைப் பிளேடால் கீறி எடுக்கவும். மண்ணுருண்டை உடையக் கூடாது. அடியில் சுருள் இருந்தால் அரை அங்குலம் வெட்டிவிடவும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும், புதைந்தால் பட்டை அழுகும். காலிப் பைகளை எண்ணித் திருப்பி எடுத்து வாருங்கள். வேலிக்குச் சீமைக்கருவேல முள் வெட்டுகிறவர்கள் காய் இல்லாத கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும், இல்லையேல் கன்றைச் சுற்றி நாமே அதை விதைத்தவர்கள் ஆவோம்.

எத்தனை கன்று நடுவது என்பதைக் குழியின் எண்ணிக்கை தீர்மானிக்கக் கூடாது, கோடைத் தண்ணீர் தீர்மானிக்க வேண்டும். மாசி முதல் ஆனி வரை ஒரு கன்றுக்கு வாரம் பத்து லிட்டர் வேண்டும். ஐந்நூறு கன்று என்றால் வாரம் 5,000 லிட்டர், ஒரு டிராக்டர் டேங்கர். இரண்டு கோடைக்கு அந்த டேங்கர் செலவை ஏற்க ஆள் இல்லையென்றால் ஐம்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அடியில் சருகு மூடாக்குப் போட்டால் ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும். தண்டில் படாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

தமிழகத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் நோக்குடன் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அரசுக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. ஊராட்சிகளும் நிறுவனங்களும் தங்களுக்கு வேண்டிய மரங்களை, வகை குறிப்பிட்டு, ஓராண்டு முன்பே கேட்கும் முறை வேண்டும். விதை விழும் மாதத்தில் தெரிந்தால்தான் தன்னார்வலர்கள் அதை வளர்த்துத் தர முடியும். இரண்டாவது, கடற்கரை மாவட்டங்களில் நடவு விழாக்களை ஐப்பசிக்கு மாற்ற வேண்டும். ஜூன் 5 அன்று பிள்ளைகள் பைக்கு மண் நிரப்பட்டும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. நாள்தோறும் வானிலை, அணை நீர்மட்டம் போடும் பெட்டியில், வாரத்துக்கு ஒருமுறை, உங்கள் வட்டாரத்தில் எந்த மரத்தின் விதை விழுகிறது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? ஆடி முதல் வாரத்துக்கு: வேம்பு, நாவல், இலுப்பை.

இப்படிக்கு,
நாட்டு மர விதை சேகரிக்கும் தன்னார்வலர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.