ஆறு கிலோமீட்டர் இறக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உலகப் போக்குவரத்து மாநாடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஆண்டுதோறும் மே மாதம் அமைச்சர்கள் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், கலைகிறார்கள், இதனால் நம் ஊர்ச் சாலைக்கு என்ன ஆகப்போகிறது என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். கேள்வி நியாயம்தான். ஒன்றும் ஆகாது என்று அவரே முடித்துவிட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. சேலம் – ஏற்காடு மலைப்பாதையில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இன்னும் கனவில் வரும்.

நான் மலை ஏறத் தொடங்கிய முதல் வாரம் ஒரு மூத்த ஓட்டுநர் சொல்லிக்கொடுத்தார்: "ஏறுற வண்டி நின்னுட்டா மறுபடி எடுக்கறது கஷ்டம் தம்பி, பின்னாடி உருண்டுரும். நீ இறங்கறவன், நீ ஒதுங்கி நில்லு." இது ஏதோ நம் மலை ஓட்டுநர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. 1968இல் பல நாடுகள் வியன்னாவில் கூடி எழுதிய சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இதையேதான் சொல்கிறது. 2017இல் புது ஒழுங்குமுறைகள் வரும் வரை நடப்பில் இருந்த நம் நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகளிலும் இது இருந்தது. வளைவுக்கு முன்னால் நிற்கும் சிவப்பு விளிம்பு முக்கோணப் பலகைக்கும் இதே கதைதான். அதே வருடம் அதே ஊரில் சாலைக் குறியீடுகளுக்கென்று தனியாக ஓர் உடன்படிக்கை போட்டார்கள், அதில் இந்தியா 1980இல் சேர்ந்தது. ஆந்திராவிலிருந்து வரும் ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்த முக்கோணம் புரிகிறது.

ஆக, பேசியது அடிவாரம் வரை வந்துதான் இருக்கிறது. வரவேண்டியதில் ஒன்று இன்னும் நம் மலைக்கு வராமல் நிற்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மலை இறங்கும்போது காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் ட்ரம்மும் லைனிங்கும் சூடேறும். சூடேற ஏற பிடிமானம் குறையும். முதலில் வாசனை வரும், அப்புறம் புகை. மிதித்தால் பெடல் காலுக்குத் தட்டுப்படும், வண்டி மட்டும் நிற்காது. செய்தித்தாளில் "பிரேக் பழுது" என்று போடுவார்கள். நான் பார்த்தவற்றில் பல, பிரேக் பழுதானதல்ல, பிரேக் வெந்துபோனது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்; எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

ஐ.நா.வின் வாகன விதிகளில் கனரக வண்டிகளின் பிரேக்குக்கு 13ஆம் எண் விதி. பெரிய பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும், புது மாதிரி வண்டிக்கு ஒப்புதல் தரும்போது செய்ய வேண்டிய ஒரு சோதனை அதில் உண்டு. முழுச் சுமையோடு, 6 சதவீதச் சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 6 கிலோமீட்டர் இறங்கினால் எவ்வளவு சூடேறுமோ அவ்வளவு ஏறிய பிறகும் பிரேக் பிடிக்க வேண்டும். நெடுந்தூரப் பேருந்துகளுக்கு இன்னும் கடுமை. சரிவு 7 சதவீதம், கால் பிரேக்கைத் தொடக் கூடாது, எஞ்சின் பிரேக், ரிடார்டர் (கால் பிரேக் இல்லாமலே வேகத்தை அடக்கும் தனிக் கருவி) போன்றவற்றை வைத்தே வேகத்தை அடக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மலைப்பாதை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சராசரிச் சரிவு ஐந்தாறு சதவீதம் வருகிறது. எங்கோ ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதிய சோதனை, நம் மலையை அளந்து எழுதியது போலிருக்கிறது. அவர்கள் கேட்பது 6 கிலோமீட்டர், நம் இறக்கமோ அதைப்போல மூன்று மடங்கு.

ஆனால் நான் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, கொண்டுபோன வண்டிகளையெல்லாம் சமதரையில் ஓட்டி, மிதித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். சமதரையில் எந்த வண்டி நிற்காது? 2024 ஏப்ரல் கடைசியில் இதே பாதையில் ஒரு பேருந்து கவிழ்ந்து சிலர் இறந்தார்கள். அதன் காரணத்துக்குள் நான் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

2030க்குள் சாலை மரணங்களைப் பாதியாக்குவது என்று ஐ.நா.வில் இலக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2022இல் மட்டும் இறந்தவர்கள் 1,68,491 பேர். பாதிக்கு எப்போது வருவோமோ தெரியாது, நம் மலையில் தொடங்கலாம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நீண்ட இறக்கங்களின் உச்சியில் பிரேக் பார்ப்பதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கனரக வண்டி அங்கே நின்று, ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. நமக்கும் ஏரியைத் தாண்டி இறக்கம் தொடங்கும் முன் அப்படி ஓர் இடம் போதும். பாதி இறக்கத்தில் இன்னொன்று, பிரேக் ஆறுவதற்கு. கோடை விழா நாட்களில் வண்டிகளைக் குப்பனூர் பக்கமாக இறக்கிவிடுகிறார்கள், அங்கேயும் ஒன்று வேண்டும். (விழாக் காலத்தில் கார்களை அடிவாரத்தோடு நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற்றிவிட்டால் மலையும் மூச்சுவிடும், அது தனிக் கடிதம்.)

நான்கு பேருந்து நிற்கும் அளவுக்கு இடம், "முதல் கியர், இரண்டாம் கியர்" என்று தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில் ஒரு பலகை, ஒரு தண்ணீர்க் குழாய். டீக்கடைக்கு யாரும் ஏற்பாடு செய்ய வேண்டாம், அது தானாக வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
கோரிமேடு, சேலம்