தங்கக் காலணிக் கணிப்புக்கு கிளப் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகக் கோப்பைக் கால்பந்தில் அதிக கோல் அடித்துத் தங்கக் காலணியைப் பெறப்போவது யார் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கணிப்பைப் படித்தேன். பத்து முன்கள வீரர்களைச் சென்ற சீசனில் கிளப்புக்காக அடித்த கோல்களின்படி வரிசைப்படுத்தி, முதலில் நிற்பவருக்கே வாய்ப்பு அதிகம் என்று கட்டுரையை முடித்திருந்தீர்கள். அந்த எண்களோடு எனக்கு வழக்கில்லை. அவற்றைக் கொண்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

லீக்கில் ஒருவர் முப்பது, நாற்பது ஆட்டங்கள் ஆடுகிறார். ஒரு மாதம் கோலே விழாவிட்டாலும் அடுத்த மாதம் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால், சீசன் முடிவில் நிற்கும் கணக்கு அவருடைய திறமையை ஏறக்குறையச் சரியாகவே காட்டிவிடும். உலகக் கோப்பையில் அந்த அவகாசம் கிடையாது. 1978 முதல் 2022 வரை நடந்த 12 தொடர்களில் முதலிடம் பெற்றவரின் கணக்கு எட்டு முறை 6 கோல், இரண்டு முறை 5 கோல், இரண்டு முறை 8 கோல். ஆறு கோல் போதும் என்ற நிலையில், ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் பாதி வழியைக் கடந்துவிடுகிறார்.

1994-ல் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோ கேமரூனுக்கு எதிராக மட்டும் 5 கோல் அடித்தார். ஸ்வீடனுக்கு எதிராகப் பெனால்டியில் அடித்த ஒன்றையும் சேர்த்து 6. ரஷ்யா முதல் சுற்றோடு வெளியேறியது. ஆனாலும் பல்கேரியாவை அரையிறுதி வரை இழுத்துச் சென்ற ஸ்டாய்ச்கோவுடன் அவர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1986-ல் முதல் இரண்டு ஆட்டங்களில் கோல் இல்லாமல் தவித்த இங்கிலாந்தின் கேரி லினேக்கர், போலந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்த பிறகே போட்டிக்குள் வந்தார், கடைசியில் 6 கோலுடன் முதலிடமும் பெற்றார். இத்தாலியின் பாவ்லோ ரோசியின் கதை இன்னும் விசித்திரமானது. தடைக்காலம் முடிந்து திரும்பிய அவர் 1981-82 லீக் சீசனில் ஆடியது மூன்றே ஆட்டங்கள், அடித்தது ஒரே கோல். 1982 உலகக் கோப்பையிலும் முதல் நான்கு ஆட்டங்களில் ஒன்றும் இல்லை. அடுத்த மூன்று ஆட்டங்களில் பிரேசிலுக்கு எதிராக 3, போலந்துக்கு எதிராக 2, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 1 என ஆறு கோல்களை அடித்துக் கோப்பையையும் கொண்டுபோனார். தாங்கள் வெளியிட்டது போன்ற அட்டவணை அன்று தயாரிக்கப்பட்டிருந்தால் ரோசியின் பெயர் அதில் எந்த மூலையிலும் இருந்திருக்காது.

அட்டவணையில் பெனால்டி அடிப்பவர் யார் என்ற குறிப்பு இல்லாததே எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. 2018-ல் இங்கிலாந்தின் ஹாரி கேன் அடித்த 6 கோல்களில் மூன்று பெனால்டிகள். பனாமாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: முதல் பாதியில் இரண்டு பெனால்டிகளை மேல்மூலையில் அடித்தார், இரண்டாம் பாதியில் சக வீரர் லாஃப்டஸ்-சீக் அடித்த பந்து, முதுகு காட்டி நின்ற கேனின் குதிகாலில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போயிற்று. அவர் அடித்தது என்பதைவிட அவர்மேல் பட்டது என்பதே சரி. ஆனால் கணக்கில் அதுவும் ஒரு கோல்தான், ஹாட்ரிக்கும் ஆயிற்று. காலிறுதி, அரையிறுதி, மூன்றாமிட ஆட்டம் மூன்றிலும் அவர் கோலே அடிக்கவில்லை, இருந்தும் விருதை யாரும் பறிக்க முடியவில்லை. 1966-ல் போர்ச்சுகலின் யூசேபியோவின் 9 கோல்களில் 4 பெனால்டிகள். 2022-ல் அர்ஜென்டினாவின் மெஸ்ஸியின் 7 கோல்களிலும் 4 பெனால்டிகள்.

அந்த 2022 இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸியும் பிரான்சின் எம்பாப்பேவும் தலா 5 கோல்களுடன் களமிறங்கினார்கள். கூடுதல் நேரத்தின் 108-ஆம் நிமிடத்தில் மெஸ்ஸி அடித்தபோது இருவரும் 7. அப்படியே முடிந்திருந்தால் கோல் அடிக்க உதவிய எண்ணிக்கையில் முந்தியிருந்த மெஸ்ஸிக்கே தங்கக் காலணி போயிருக்கும். சில நிமிடங்கள் கழித்து, தடுக்க வந்த அர்ஜென்டினாவின் மொன்டியேலின் கையில் பந்து பட்டது. எம்பாப்பே பெனால்டியில் எட்டாவது கோலை அடித்தார். எந்த சீசன் கணக்கு இதை முன்கூட்டிச் சொல்லும்?

எந்த அணி எவ்வளவு தூரம் போகும் என்பதும் முக்கியம்தான், ஆனால் சாம்பியன் ஆகப்போகும் அணியில் தேட வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு. 2010-ல் கோல் கணக்கில் இருந்த சமநிலையை, கோல் அடிக்க உதவிய கணக்கால் முறித்த ஜெர்மனியின் தாமஸ் முல்லரையும் சேர்த்து, 2022 வரை தனித்து முதலிடம் பெற்றவர்களில் கோப்பையையும் வென்றவர்கள் அர்ஜென்டினாவின் கெம்பெஸ் (1978), ரோசி (1982), பிரேசிலின் ரொனால்டோ (2002) ஆகிய மூவர் மட்டுமே. மூன்றாமிடம் பெற்ற அணிகளிலிருந்தோ ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். அரையிறுதியில் தோற்றாலும் மூன்றாமிட ஆட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. தோல்விக்கு அஞ்சாமல் இரு தரப்பும் திறந்து ஆடும் அந்த ஆட்டத்தில் கோல் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. 1958-ல் பிரான்சின் ஃபோன்டேன் அடித்த 13 கோல்களில் நான்கு அந்த ஆட்டத்தில் வந்தவை. 2026 தொடரிலிருந்து 48 அணிகள், இறுதிக்கட்டம் வரை போகும் நான்கு அணிகளுக்கும் ஏழுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள் என்றாகிவிட்டதால், முதல் சுற்றுக் குரூப்பில் யாருக்கு எளிய எதிரணி வாய்த்திருக்கிறது என்பது முன்னைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது.

நானும் இதில் யோக்கியன் அல்லன். 1998-ல் நண்பர்களுக்குள் நடந்த கணிப்பில் வேறு யோசனையே இல்லாமல் ரொனால்டோவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் 4 கோல் அடித்தார்; குரோஷியாவின் டாவோர் சூக்கர் 6 அடித்தார். அவரும் மூன்றாமிட அணிக்காரர்தான்.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் தம் நாட்டு அணியில் பெனால்டி அடிப்பவரா, குரூப்பில் எதிர்கொள்ளும் மூன்று அணிகள் எவை, பயிற்சியாளர் அவரை முழுநேரமும் களத்தில் வைப்பவரா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். முதற்பெயர் பலிக்கும் வாய்ப்பைவிட, மற்ற அனைவரில் எவரோ ஒருவர் முந்தும் வாய்ப்பே அதிகம் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். மாற்று வீரர்களையும் விட்டுவிட வேண்டாம்: 1990-ல் ஆஸ்திரியாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி முதல் கோலை அடித்து, கடைசியில் 6 கோலுடன் முதலிடம் பெற்ற ஸ்கிலாச்சி, அதற்குமுன் இத்தாலிக்காக ஆடியிருந்தது ஒரே ஆட்டம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்