எட்டாம் மாதத்துப் பேரன்

தங்கச்சிமடம்,
வியாழன் இரவு

அன்புள்ள ரஹ்மத்,

உன் கடிதத்தை மகன் கொண்டுவந்து கொடுத்தபோது நான் ராமநாதபுரம் பெரிய மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேரன் பிறந்துவிட்டான். ஐப்பசிக் கடைசியில் வரவேண்டியவன் ஆவணி முடிவதற்குள் வந்துவிட்டான். 32 வாரம், 1,620 கிராம். ஒரு கையில் அடங்கிவிட்டான். காதை மடித்தால் நனைந்த காகிதம் போல மடிந்தபடியே கிடந்தது. குருத்தெலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. முதுகு முழுவதும் பூனை முடி. பதினெட்டு நாள் அங்கே இருந்துவிட்டு, போன சனிக்கிழமைதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது 1,850 கிராம்.

வந்தவர்களெல்லாம் பிள்ளையைப் பார்த்துவிட்டு மருமகளைத்தான் விசாரித்தார்கள். குடம் தூக்கினாயா, பப்பாளி தின்றாயா, கிரகணத்தன்று வெளியே வந்தாயா, பாம்பன் பாலத்தில் பஸ் குலுக்கியதா? ஒரு பாட்டி, அவள் காதில் விழும்படியே, “ஏழு தங்கும், எட்டு தங்காது” என்றாள். முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்தவளுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? ஏழில் பிறப்பதைவிட எட்டில் பிறப்பது நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். இதை அந்தப் பாட்டிக்குச் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் ரஹ்மத், குற்றம் இருந்தால் அது என்னுடையது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். மருமகள் வேலை பார்க்கும் பள்ளியில் கழிப்பறை கால் வைக்கும்படி இருக்காது. காலையில் எட்டரைக்குப் போகிறவள் மாலை ஐந்து மணிவரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பாள். ஏழாம் மாதத்தில் இரண்டு முறை, “நீர் எரிகிறது மாமி” என்றாள். ஊருக்கெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த நான், சொந்த வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? “சூடு” என்று சொல்லி மோரும் வெந்தயமும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல். அன்று இரவே பனிக்குடம் உடைந்தது.

நம் பெண்கள் நீர்க்கடுப்பு என்று லேசாகச் சொல்வது பல நேரம் கிருமித் தொற்று. கிருமியோடு உடல் சண்டை போடும்போது சுரக்கும் பொருள்கள் கருப்பையைச் சுருங்கத் தூண்டும், பனிக்குடச் சவ்வையும் நைந்துபோகச் செய்யும். சிலருக்கு எரிச்சலே இல்லாமல் கிருமி இருக்கும், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில்தான் தெரியவரும். மருத்துவர் என்னிடம், “இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது அம்மா, ஆனால் இதைச் சந்தேகிக்கிறோம்” என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். குறைமாதப் பிரசவங்களில் பெரும்பங்குக்கு ஒற்றைக் காரணம் பிடிபடுவதில்லை. ஊர் வாய்க்குத்தான் எல்லாக் காரணமும் உடனே தெரிந்துவிடுகிறது.

பாசி எடுக்கப் போகும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். விடியலில் படகேறித் தீவுப் பக்கம் போனால் உப்புத் தண்ணீரிலேயே பாதி நாள். ஒதுங்க இடம் இருக்காது என்பதால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் மேலே வெயில், கீழே உப்பின் கண்கூச்சம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017-இல் தொடங்கி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்தும் குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்ததாம். குறைமாதப் பிறப்பும் வெக்கையோடு கூடுகிறது என்று வேறு நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பங்களாதேஷ் கடற்கரையில், உவர்த்தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் அதிகமாவதைக் கண்டிருக்கிறார்கள். அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலை வந்தால், தாயைக் காப்பாற்ற மருத்துவரே நாளுக்கு முன்னால் பிள்ளையை எடுக்க வேண்டியிருக்கும். அதுவும் குறைமாதக் கணக்கில்தான் சேரும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பப்பாளிப் பழத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்!

உன் மகள் ஐந்தாம் மாதம் என்று எழுதியிருக்கிறாய். முதல் பிள்ளை 35 வாரத்தில் பிறந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல். ஒருமுறை முன்கூட்டிப் பிறந்திருந்தால் மறுமுறையும் அப்படி ஆக வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தைப் பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் மருந்தும் உண்டு, தையலும் உண்டு. முதல் பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது நல்லது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் 24 மாதமாவது விடச் சொல்வோம். ரத்தம் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்துவைக்காமல் விழுங்கட்டும். ஈறில் ரத்தம் வந்தால் அதையும் காட்டட்டும். உன் சம்பந்தியம்மாள் வெற்றிலையோடு புகையிலையை அவளுக்கும் நீட்டுவார் என்று முன்பு சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாய். இனிமேல் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அடிவயிறு விட்டுவிட்டு இழுத்துப் பிடித்தாலோ, இடுப்பு கடுத்தாலோ, நீர் கசிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

எங்களுக்கு அந்த இரவிலேயே ஓடியதுதான் கை கொடுத்தது. பனிக்குடம் உடைந்தவுடன் இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கு. கருவிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலை அது சீக்கிரம் பக்குவப்படுத்தும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கருவிலேயே மருந்து ஏற்றிய குறைமாத ஆட்டுக்குட்டி பிழைத்து மூச்சுவிட்டதாம். 1972-இல் அவரும் ஹோவி என்பவரும் அது தாய்மாரிடமும் பலிப்பதைக் காட்டினார்கள். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்தபோது பரீட்சைக்கான பாடமாகத்தான் இருந்தது. நாலாவது ஊசிக்கு மணி பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த ஆட்டை நினைத்துக்கொண்டேன்.

கங்காருப் பராமரிப்பு தெரியுமா? பிள்ளையை வெற்று மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்வது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாமல் போனபோது தொடங்கியது. தாய்க்குக் காய்ச்சல் விடாததால் முதல் நான்கு நாளும் என் மகன்தான் கட்டிக்கொண்டான். சட்டையைக் கழற்றச் சொன்ன நர்ஸ் முன்னால் வெட்கப்பட்டு நின்றவன், மூன்றாம் நாள் தானே கேட்டு வாங்கினான். “குளித்தும் டீசல் வாடை போகவில்லை அம்மா, பரவாயில்லையா?” என்றான். பிள்ளை அந்த வாடையிலேயே தூங்கிப் பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்கு ராமநாதபுரம் போகிறோம். இத்தனை குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். அது முடிந்ததும் அந்தப் பள்ளிக்கு நான் நேரில் போகப்போகிறேன், கழிப்பறை விஷயமாக. ஓய்வுபெற்றவளுக்கு என்ன பயம்?

மருமகளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாலாடையில் பிழிந்த பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போதெல்லாம் வாய் வரை வருகிறது. அவள் பிள்ளையின் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, “மாமி, விழுங்கிவிட்டான் பாருங்கள்” என்கிறாள். நான் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். மணி பதினொன்றாகப் போகிறது, பாலாடையைக் கொதிநீரில் போட வேண்டும். மகளுக்கு நீர்க்கடுப்பு உண்டா என்று நாளைக்கே கேட்டு எழுது.

உன்,
அமலி