செயலாளர் ஆண்டறிக்கை: ஒன் கவாராவைப் பயின்ற ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு மாதக் கூட்டங்களைக் கருத்துருக் கலைஞர், அதாவது படைப்பின் அழகைவிட அதன் பின்னுள்ள எண்ணத்தையே முதன்மையாகக் கொண்ட கலைஞர், ஒன் கவாராவுக்கே ஒதுக்கினோம். 1932-இல் ஜப்பானின் கரியா நகரில் பிறந்து, 2014-இல் நியூயார்க்கில் மறைந்தவர். பேட்டி தரமாட்டார், புகைப்படத்துக்கு நிற்கமாட்டார், தம் கண்காட்சித் திறப்பு விழாவுக்கும் வரமாட்டார். வாழ்க்கைக் குறிப்பாக, அதுவரை வாழ்ந்த நாள்களின் எண்ணிக்கையை மட்டும் அச்சிடச் செய்தார்.

முதல் கூட்டத்திலேயே விவாதம் சூடேறியது. 1966 ஜனவரி 4 முதல் அவர் வரைந்த படங்களில் அன்றைய தேதி மட்டுமே உண்டு. "தேதி எழுதுவது ஓவியமா?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அச்சுத் தகடு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பின்னணி வண்ணத்தைப் பலமுறை பூசிக் காயவைத்து, ஒவ்வொரு எழுத்தையும் கையால் தீட்டினார். நள்ளிரவுக்குள் முடியாத படத்தை அழித்துவிட்டார். ரோமன் எழுத்து வழங்காத நாட்டில் இருந்தால் மாதத்தின் பெயரை எஸ்பெராண்டோ என்ற உருவாக்கப்பட்ட உலகப் பொதுமொழியில் எழுதினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் 3,000 படங்களை நெருங்கினார். இந்த ஒழுங்கைத் தூரிகை பிடிப்பவர்கள் எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

எல்லோரையும் அசைத்தவை அவருடைய தந்திகள். அந்நாளில் நம் ஊர்களில் தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே, சாவுச் செய்தியோ என்று வயிறு கலங்கும். பிரித்துப் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். கவாரா 1970 முதல் பல ஆண்டுகள் நண்பர்களுக்கும் கலையுலகத்தாருக்கும் அனுப்பிய தந்திகளில் 'நான் இன்னும் உயிரோடிருக்கிறேன்' என்ற ஒரே செய்திதான் இருந்தது. முகத்தை மறைத்துக்கொண்டவர், தாம் இருப்பதை மட்டும் மறைக்கவில்லை. அன்றைய கூட்டம் வழக்கத்தைவிட நெடுநேரம் நீடித்தது; தந்தி வந்த நாள்களைப் பற்றி ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

அவருடைய 'பத்து லட்சம் ஆண்டுகள்' ஆண்டு எண்களை மட்டுமே கொண்ட நூல் தொகுதி. இறந்தகாலப் பகுதி 1969-இல் முடிகிறது. 'வாழ்ந்து மறைந்த அனைவருக்கும்' என்பது அதன் காணிக்கை. 2004-இல் லண்டன் டிராபால்கர் சதுக்கத்தில் ஏழு நாள்கள் இரவும் பகலும் இதை வாசித்தார்கள். நம் கூடத்திலும் ஆணும் பெண்ணும் மாறி மாறி இறந்தகாலப் பகுதியின் கடைசிப் பக்கங்களின் ஆண்டுகளை வாசித்தோம். மூத்தவர்கள் தாம் பிறந்த ஆண்டு வந்ததும் தலைநிமிர்ந்தார்கள்.

1997 ஜனவரி முதல் வாரத்தின் ஏழு தேதிப் படங்களை, 1998 முதல் பல நாடுகளின் மழலையர் வகுப்பறைகளில் விளக்கம் எதுவுமின்றி மாட்டிவைத்தார்கள். அதே முறையில், நம் உறுப்பினர்களின் ஓவியங்களையும் உள்ளூர் பாலர் பள்ளி ஒன்றில் ஒரு வாரம் மாட்டிவைக்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்